வாடகைக் கார் ஓடிய தூரத்துக்கும் முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் மூன்று டி போர்டு கார்களை வைத்து வாடகைக்கு ஓட்டி வருகிறேன். ஒன்றை நானே ஓட்டுகிறேன், மற்ற இரண்டுக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, பெங்களூர் விமான நிலையம் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் போகிற இடத்துக்கெல்லாம் போகிறோம். எங்கள் தொழிலில் கணக்கு எளிது. ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது டிரிப் ஷீட்டில் ஸ்டார்ட்டிங் கிலோமீட்டர் எழுதுவோம், திரும்பி வந்ததும் க்ளோசிங் கிலோமீட்டர். கழித்து வருவதை செடான் என்றால் 14 ரூபாயாலும், ஏழு பேர் வண்டி என்றால் 18 ரூபாயாலும் பெருக்கி, டோலும் பேட்டாவும் சேர்த்தால் பில் தயார். இத்தனை பணத்துக்கும் ஆதாரம் டேஷ்போர்டில் தெரியும் ஒரே ஒரு எண். அது சரியாக ஓடுகிறதா என்று எந்த அதிகாரியும் இதுவரை என் வண்டியில் ஏறிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோனால் பிரேக் பார்க்கிறார்கள், லைட், ஹாரன், இண்டிகேட்டர் பார்க்கிறார்கள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கூடப் பார்க்கிறார்கள். நல்லதுதான், உயிர் சம்பந்தப்பட்டவை அவை. ஆனால் வாடிக்கையாளரிடம் எந்த அளவை வைத்துக் காசு வாங்குகிறேனோ, அந்த அளவைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி எடை போடும் தராசுக்கு முத்திரை வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வந்து, முத்திரை காலாவதி ஆகியிருந்தால் அபராதம் போடுவார். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வியாபாரத்தில் பயன்படுத்தும் எடையும் அளவும் சரிபார்த்து முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் சொல்கிறது. ஆட்டோவிலும் டாக்ஸியிலும் கட்டணம் காட்டும் மீட்டர் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் எங்களைப் போல வெளியூர் ஓட்டுகிறவர்களின் வண்டியில் தனிக் கட்டண மீட்டர் ஏது? ஓடிய தூரத்தைக் காட்ட கம்பெனி பொருத்திக் கொடுத்த ஓடோமீட்டர்தான் எங்களுக்குத் தராசு. கிலோ 20 ரூபாய்க்கு விற்கும் தக்காளிக்கு முத்திரை உண்டு, ஒரே நடையில் ஏழாயிரம், எட்டாயிரம் என்று பில் போடும் வண்டிக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முத்திரை இல்லாததால் யாருக்கு நஷ்டம்? வாடிக்கையாளருக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், எங்களுக்கும்தான். பழனிக்கு ஒரு குடும்பத்தை அழைத்துப்போய் வந்தேன். இறங்கும்போது பெரியவர் பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் பையன் போன்ல பார்த்திருக்கான், 11 கிலோமீட்டர் கூடப் போட்டிருக்கீங்களே" என்றார். பையன் இன்னொன்றும் சொன்னார். வரும்போது என் மீட்டர் 100 காட்டியபோது அவர் போன் 94 காட்டியதாம். வேகத்தையே 6 கூட்டிக் காட்டுகிற மீட்டர் தூரத்தையும் கூட்டித்தானே காட்டும் என்பது அவர் கணக்கு. 154 ரூபாயைக் குறைத்துக்கொண்டு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பணம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் "சூடு வைத்த மீட்டர்" என்ற சொல் அந்தத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. நாணயத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வேகமும் தூரமும் ஒரே சக்கரத்தின் சுழற்சியிலிருந்து வருபவைதான். ஆனால் நம் கண்ணுக்கு வந்து சேரும் வழி வேறு வேறு. பழைய கேபிள் வண்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் மூடி நிற்கும் அலுமினியக் கிண்ணம் காந்தத்தின் சுழற்சியால் தானும் இழுபடும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஏறக்குறைய நூறு வருஷம் உலகமெல்லாம் இதுதான் ஓடியது. தூரம் காட்டும் எண்களோ அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நகரும். அங்கே காந்தமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் முள் தவறாகக் காட்டும், தூரம் ஒரு மீட்டர்கூட மாறாது.

இப்போதைய வண்டிகளில் கேபிள் கிடையாது. சக்கரத்திலோ கியர் பாக்ஸிலோ உள்ள சென்சார் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை துடிப்பு என்று அனுப்புகிறது, டேஷ்போர்டில் உள்ள கம்ப்யூட்டர் எண்ணுகிறது. துடிப்புகளைக் கூட்டினால் தூரம். ஒரு நொடியில் எத்தனை என்று பார்த்தால் வேகம். இதில் வேகத்தைக் காட்டும்போது மட்டும் கம்பெனிக்காரர்கள் தெரிந்தே கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம். அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரைதான். உண்மையில் 80-இல் ஓடும் வண்டியின் முள் 80 முதல் 92 வரை எங்கே நின்றாலும் அந்த விதிப்படி சரி. புது டயர், நிறைந்த காற்று, உற்பத்தியில் வரும் சின்னச் சின்ன வித்தியாசம் எல்லாம் சேர்ந்தாலும் முள் உண்மைக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக முன்னெச்சரிக்கையாக முள்ளை மேலே தள்ளி வைக்கிறார்கள். தூரத்துக்கு அப்படிக் கூட்டி வைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே முள் 100 காட்டி உண்மை வேகம் 94 ஆக இருந்தால், ஓடோமீட்டரும் 100-க்கு 6 கூட்டுகிறது என்று ஆகாது.

அப்படியானால் அந்த 11 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? போனில் பையன் பார்த்தது வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரையிலான வழி. வண்டி கிளம்பியது என் ஷெட்டிலிருந்து. போகும் வழியில் அவர்கள் சொந்தக்காரரை ஏற்றிக்கொள்ளப் பக்கத்து ஊருக்குள் போனோம். அடிவாரத்தில் இடம் கிடைக்காமல் பார்க்கிங் தேடிச் சுற்றினோம். சாப்பாட்டுக்காக யூ டர்ன் போட்டுத் திரும்பி வந்தோம். இதெல்லாம் கூட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். மீதி கொஞ்சம் டயரால் வந்தது. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன்.

கார் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனியில் ஒரு முறை வைத்ததுதான் கணக்கு. என் செடானில் இருப்பது 165/80 ஆர்14 டயர். விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 500-க்கு மேல் சுற்றும். புது டயரில் 8 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், தேய்மான அளவான 1.6 மில்லிமீட்டருக்கு வரும்போது விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. 620-இல் அது 2 சதவீதம். சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், மீட்டரும் கூடுதலாக எண்ணும். புது டயரில் 300 காட்டிய அதே வழி, டயர் தேய்ந்த பின் 306 காட்டும். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கையிலிருந்து 84 ரூபாய் கூடப் போகிறது. காற்று கொஞ்சம் குறைந்தால் வரும் மாற்றம் ரேடியல் டயரில் சொற்பம்தான், அதை விட்டுவிடலாம்.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. என் ஏழு பேர் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி கொடுத்த அளவு 185/65 ஆர்15. முன்பு வைத்திருந்தவர் பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று 195/65 ஆர்15 மாட்டியிருந்தார். விட்டம் 621-லிருந்து 634-க்குப் போகிறது, இங்கேயும் 2 சதவீதம். சக்கரம் பெரிதானதால் மீட்டர் குறைவாக எண்ணியது. 500 கிலோமீட்டர் ஓடினால் 490 காட்டும். அந்த 10 கிலோமீட்டருக்கு டீசல் என்னுடையது, 180 ரூபாய் வாடிக்கையாளர் பையில். இதைவிட முக்கியமான ஒன்று, வேக முள்ளுக்குக் கம்பெனி வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியையும் பெரிய டயர் தின்றுவிடுகிறது. "மீட்டர் எப்படியும் 5 கூடத்தானே காட்டும்" என்று நம்பி 100-க்கு மேல் போகிற பழக்கம் நம் பக்கத்து டிரைவர்களிடம் நிறைய. எந்த வண்டி எவ்வளவு கூட்டுகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, டயர் மாற்றிய வண்டியில் அந்த 5 இருக்கிறதா என்பதும் தெரியாது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதை உங்கள் நாளிதழே பலமுறை எழுதியிருக்கிறது. அந்த இறக்கத்தில் முள்ளோடு பேரம் பேசுவது கூடாது. என் டிரைவர்களிடம், முள் காட்டுவதுதான் வேகம், அதிலிருந்து எதையும் கழிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த 2 சதவீதங்களை நான் கண்டுபிடித்தது பெரிய கருவி எதையும் வைத்தல்ல. சாலையோரக் கிலோமீட்டர் கல்லே போதும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன, இடையில் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்களும் நட்டிருப்பார்கள். காலையில் போக்குவரத்து குறைவான நேரத்தில், ஒரு கல்லுக்கு நேராக வரும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்வது நல்லது, ஓட்டுகிறவர் செய்யக் கூடாது. சர்வீஸ் ரோட்டில் இறங்காமல் மெயின் ரோட்டிலேயே 20 கிலோமீட்டர் போய் அந்தக் கல்லுக்கு நேராக ரீடிங் எடுக்க வேண்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. பைபாஸும் பாலமும் வந்த இடங்களில் சில கற்களுக்கு இடையே கூடக் குறைய இருக்கும். அதோடு டிரிப் மீட்டர் 100 மீட்டருக்குக் கீழே காட்டாது. 20 கிலோமீட்டரில் 100 மீட்டர் என்பது அரை சதவீதம், அந்த அளவுக்குத் துல்லியம் நமக்குப் போதும். தேய்ந்த டயரோடு என் செடான் 20.4 காட்டியது, பெரிய டயரோடு ஏழு பேர் வண்டி 19.6 காட்டியது. இரண்டுக்கும் சரியான அளவில் புது டயர் மாட்டிய பிறகு இரண்டுமே 20-ஐ ஒட்டி வந்துவிட்டன.

வேகத்துக்கும் அதே கற்கள் உதவும். முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணினால் போதும். 45 நொடி ஆனால் வேகம் 80, 50 நொடி ஆனால் 72, 40 நொடி ஆனால் 90. போனில் ஜி.பி.எஸ். பார்ப்பதும் நேரான திறந்த ரோட்டில் நம்பகமானதுதான். மலை வளைவுகளில் தூரத்துக்கு அதை நம்ப வேண்டாம். விட்டு விட்டுப் புள்ளி வைத்து நேர்கோட்டில் இணைப்பதால் வளைவுகளை வெட்டிக் குறைத்துக் காட்டும்.

இன்னொரு அநியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்களை மீட்டரைத் திருப்பி ஏமாற்றுவது. டிஜிட்டல் மீட்டர் வந்தால் இது ஒழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். ஒழியவில்லை. எண் ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கிறது, லேப்டாப்பும் ஒயரும் இருந்தால் அதை மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி அறுபதாயிரம் என்று கைமாறுகிறது. அறுபதாயிரத்துக்குள் பெடல் ரப்பர் வழுவழு என்று தேயாது, ஸ்டியரிங் பளபளக்காது. டயரில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தால் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று தெரியும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அறுபதாயிரம் கூட ஓடவில்லை என்கிற வண்டியில் டயர் இரண்டாம் செட்டா, மூன்றாம் செட்டா என்று கேளுங்கள். இப்படியெல்லாம் குறி பார்த்து வாங்க வேண்டிய நிலைமை ஏன் வருகிறது? ஒவ்வொரு வருடமும் ரீடிங் எங்காவது அரசுப் பதிவில் எழுதப்பட்டிருந்தால், பின்னால் திருப்பியவன் அன்றே மாட்டிக்கொள்வான்.

ஆகவே போக்குவரத்துத் துறையையும், எடையளவைப் பார்க்கும் தொழிலாளர் துறையையும் உங்கள் பக்கத்தின் வழியாக நான் கேட்பது இது. வாடகைக் கார் எஃப்.சி.க்கு வரும்போது அதை அளந்து வைத்த ஒரு வழியில் ஓட்டிப் பார்த்து, ஓடோமீட்டர் காட்டுவதை எழுத வேண்டும். டயர் தேய்மானமே 2 சதவீதம் என்பதால் 3 சதவீதம் வரை கூடக் குறைய இருக்க விடலாம். அதைத் தாண்டினால் டயர் அளவைப் பார்த்து, கம்பெனி அளவுக்கு மாற்றிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். சோதித்த தேதி, அன்றைய ரீடிங், எத்தனை சதவீதம் வித்தியாசம் ஆகிய மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பின் சீட்டில் உட்காருகிறவர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். ரீடிங்கை வண்டியின் பதிவிலும் ஏற்ற வேண்டும். இதற்காகக் கிருஷ்ணகிரிக்கும் தொப்பூருக்கும் இடையே நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் சர்வேயர் வைத்து அளந்த 10 கிலோமீட்டரைக் குறித்து, தொடக்கத்திலும் முடிவிலும் பலகை வைத்தால் போதும். சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் போகிற வழியில் தங்கள் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

என் சக வண்டிக்காரர்கள் சிலருக்கு இதில் கோபம் வரும். ஏற்கெனவே எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், டாக்ஸ் என்று அலைகிறோம், இன்னொரு சோதனையை நீயே கேட்டு வாங்கித் தருகிறாயா என்பார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் அதே வரிசையில் நிற்கிறவன்தான். அதனால்தான் தனி அலுவலகம், தனி நாள், தனிக் கட்டணம் எதுவும் வேண்டாம், எஃப்.சி. பார்க்கிற அன்றே அதே இடத்தில் முடிக்க வேண்டும் என்கிறேன். இடையில் புரோக்கருக்கு வேலையே இருக்கக் கூடாது. பழைய வண்டிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. இருக்கிறது, புதியவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அந்த இடைவெளியே இதற்கும் போதும்.

அரசு இதைச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று என் மூன்று வண்டிகளிலும் 20 கிலோமீட்டர் கணக்கை எழுதி ஒட்டியிருக்கிறேன். டயர் மாற்றும்போதெல்லாம் திரும்பப் பார்த்துத் திருத்துகிறேன். கூடுதலாகக் காட்டுகிற வண்டியில் பில்லில் அந்த சதவீதத்தைக் கழித்துவிடுகிறேன். ஆனால் நானே எழுதி நானே ஒட்டிய சீட்டை மற்றவர் ஏன் நம்ப வேண்டும்? அதன் மேல் அரசு முத்திரை ஒன்று விழ வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இதை முன்னோட்டமாகச் செய்து பார்க்க விரும்பினால், என் மூன்று வண்டிகளையும் முதலில் கொண்டுவந்து நிறுத்தத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடகைக் கார் உரிமையாளர் ஒருவர்,
காரிமங்கலம்,
தருமபுரி மாவட்டம்.